கடைசிப் பக்கத்து வரி

எங்கள் தெருவில் ரகசியம் தங்காது. அதற்கு இசக்கிசெல்விதான் காரணம் என்று என் பெயரைச் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். உண்மையான காரணம் தறி. காலை ஆறு மணிக்குச் சங்கரன்கோவிலில் எங்கள் தெருத் தறி அத்தனையும் சேர்ந்து ஓட ஆரம்பித்தால், பக்கத்தில் நிற்கிறவர் காதைக் கடித்துக்கொண்டு கத்தினாலும் விழாது. அதனால் இங்கே யாரும் கத்துவதில்லை. வாயை அகலத் திறந்து, சத்தமே விடாமல், உதட்டால் பேசுவோம். கேட்கிறவரும் காதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வாயைப் பார்ப்பார். தெருவுக்கு அந்தப் பக்கம் ஜன்னலில் நின்று புருஷன் பெண்டாட்டி போடுகிற சண்டை, இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்கு எழுத்துக்கு எழுத்து தெரியும். நான் தறி ஓட்டுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இப்போது தார் சுற்றுகிறேன். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் கட்டையில் நூல் ஏற்றுகிற வேலை. கைக்குத்தான் வேலை, கண்ணுக்கு இல்லை. கண் எதிர்வீட்டில் இருக்கும்.

எதிர்வீடு கோமதிசங்கர் வீடு. வீட்டு முன்பத்தியில் நாலு தறி. ரெண்டை அவன் பார்ப்பான், ரெண்டை அவன் பெண்டாட்டி கோகிலா பார்ப்பாள். ஒரே பிள்ளை அனு, மூணாம் வகுப்பு. அடக்கமான குடும்பம் என்றுதான் போன பங்குனி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். பங்குனியில்தான் ஜப்பான் வந்தது.

ஜப்பானில் குளித்துத் துவட்டுகிற துண்டு நெய்யும் ஆலை ஒன்றுக்குத் தறி ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமாம். மூணு வருஷம். அதற்கு முன்னால் ஆறு மாசம் சென்னையில் விடுதியில் தங்க வைத்துப் பாஷை சொல்லிக்கொடுப்பார்களாம். அந்த விடுதிக்குள் நுழையவே ஒரு பரீட்சை. அவர்கள் அரிச்சுவடியைப் படித்திருக்க வேண்டும். வார்த்தையைச் சொன்னால் எழுத வேண்டும். பத்துக்கு ஏழு எழுதினால் உள்ளே.

படிக்கப் பெயர் கொடுத்தவன் கோமதிசங்கர். நாற்பது பக்க நோட்டு ரெண்டு வாங்கி, அட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கோமதியம்மன் சன்னிதியில் வேறு காட்டிவிட்டு வந்தான். தினமும் சாயங்காலம் நாலரைக்குச் சென்னையிலிருந்து விஜிதா என்று ஒரு டீச்சர் போனில் முகம் காட்டிப் பாடம் எடுப்பாள். இவன் போனைத் தறிக்கட்டையில் சாய்த்துவைத்து ஓட்டிக்கொண்டே படித்தான். பதினோரு நாள் படித்தான். நாற்பத்தாறு எழுத்து முடிந்தது என்று மூச்சு விடும்போது, இதே சத்தங்களுக்கு வேறு உருவத்தில் இன்னொரு நாற்பத்தாறு இருக்கிறது என்று டீச்சர் சொன்னாள்.

“ஒரே சத்தத்துக்கு எதுக்குக்கா ரெண்டு எழுத்து?” என்று என்னிடம் வந்து நியாயம் கேட்டான். “அவனுவளுக்கு வேற சோலியே கெடையாதா?”

அன்றைக்கு நோட்டை மூடியவன்தான். மறுநாள் நாலரைக்குப் போன் தானாக அடித்தது. கோகிலா எடுத்து, அவன் பெயருக்குப் பதிலாகத் தன் பெயரைக் கொடுத்தாள். அவன் படித்த பதினோரு நாளும் அவன் தோளுக்குப் பின்னால் நின்று இவள் படித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரியும். எனக்கு அதற்கு முந்தின வாரமே தெரியும்.

அவள் படித்த படிப்பைச் சொல்ல வேண்டும். எழுத்து அட்டையைத் தறியில் ஒட்டிவைத்தாள். நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிற நேரத்தில் ஒரு எழுத்து. தார் மாற்றுகிற நேரத்தில் ஒரு எழுத்து. நெய்து வருகிற துணியில் எச்சில் தொட்ட விரலால் எழுதுவாள். துணி உருளையில் சுருளுவதற்குள் காய்ந்துவிடும். ஒரு எழுத்து தூண்டில் முள் போல இருக்கும். ஒன்று பாதி சுற்றின தார் போல இருக்கும். ரெண்டு எழுத்துக்கு வித்தியாசம் வால் நுனியில் ஒரு சுழி மட்டும்தான். அந்தச் சுழியைப் போட்டுப் போட்டு அவள் ஆள்காட்டி விரல் சோறு பிசையும்போதும் சுழித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தூக்குச் சட்டி மூடியில் கூட எதையோ எழுதிவிட்டுப் போனாள்.

அவள் நோட்டை நான் பார்த்திருக்கிறேன். கேட்டுவிட்டுத்தான் பார்த்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், விடுங்கள். பக்கம் பக்கமாக எழுத்து. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரே வரி, மேலிருந்து கீழ் வரை. ஸ்ரீராமஜெயம் எழுதுகிற மாதிரி. ஜப்பான் சாமிக்கு ஏதாவது வேண்டுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்குத் தறி எல்லாம் நின்றது. வருஷத்தில் தெரு தன் சத்தத்தைத் தானே கேட்கிற நாள் அது ஒன்றுதான். ரத வீதி எல்லாம் கூட்டம். நான் எதிர்வீட்டுக்கு முறுக்கு கொடுக்கப் போயிருந்தேன். அடுக்களையில் கோகிலா உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் அடுப்பில் குக்கர். விசில் அடித்தது. ரெண்டு, மூணு, நாலு. அவள் தலை நிமிரவில்லை. ஏழாவது விசிலுக்கு நானே போய் அணைத்தேன். என் நிழல் நோட்டில் விழுந்த பிறகுதான் அவள் திரும்பினாள்.

குக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“எத்தன விசிலுக்கா?”

“ஏழு.”

வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் இல்லாமல் உதட்டால் பேசினாள். தறி ஓடாத வீட்டில் தறிப் பேச்சு.

“பன்னெண்டு வயசுல தறிக்கு வந்தேன். இப்ப இருவத்தொம்பது. கிட்டக்க நின்னு பேசுனா கொரல் கேக்குதுக்கா, எழுத்து கேக்கல. யாரோ பேசுதாவன்னு தெரியும், என்ன பேசுதாவன்னு வாயப் பாத்தாத்தான் தெரியும்.”

“சங்கருக்குத் தெரியுமாட்டி?”

“பொண்ணு பாக்க வந்தப்ப அம்மா சொல்லாதன்னுட்டா. பெறவு எப்பச் சொல்ல?”

“அப்ப பரிச்சைக்கு?”

“டீச்சர் வாய நாலு மாசமாப் பாக்கேன். அவுங்க பல்லு இடுக்கு மொதக்கொண்டு எனக்குத் தெரியும். அவுங்கதான் சொல்லுவாங்க. எழுதிருவேன்.”

“இந்தக் காத வச்சிக்கிட்டு எதுக்குட்டி இந்த ஓட்டம்?”

அடுக்குப் பானைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்தாள். ஜப்பான் வேலைக்குப் பெயர் கொடுத்த அன்றைக்குத் தந்தது. அந்த ஆலையில் எடுத்த படம். தறிக்கு முன்னால் ஒரு பெண் நிற்கிறாள். ரெண்டு காதையும் மூடிப் பெரிய கிண்ணம் மாதிரி எதையோ மாட்டியிருக்கிறாள்.

“அங்கன இத மாட்டாம தறிப் பக்கம் விடமாட்டாவளாம். மிச்சமிருக்கிறதாவது மிஞ்சுமில்லா. அனு பள்ளிக்கூடத்துக் கதைய மூச்சு விடாமச் சொல்லுதா. பாதிக்குத் தலைய மட்டும் ஆட்டுதேன்.” நோட்டீசை மடித்துத் திரும்ப வைத்தாள். “காது சரியில்லன்னு தெரிஞ்சா பேர அடிச்சிருவாவ. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன், சொல்லிறாதிய.”

தெருவில் போயும் போயும் என்னிடம் இதைக் கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

புரட்டாசி பிறந்தது. பரீட்சை புதன்கிழமை பதினோரு மணி என்று செய்தி வந்தது. கோமதிசங்கருக்கு அதுவரைக்கும் இது விளையாட்டு. எழுத்தெழுதி எங்கே போகப்போகிறாள் என்று இருந்தான். தேதி வந்ததும் ஆள் மாறிவிட்டான். மேலக்காற்று நூல் தூசியைத் தெரு முழுக்க வாரி இறைக்கிற ஒரு மத்தியானம், ஜன்னலில் நான் கண்டது இது. கோகிலா தறியில் குனிந்து துணியில் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவன் பின்னால் நின்று கூப்பிடுகிறான். வாய் மூணு தடவை திறந்து மூடியது. அவள் திரும்பவில்லை. நாலாவது தடவை கையை நீட்டித் தறியில் ஒட்டியிருந்த அட்டையைக் கிழித்தான். அதற்குத்தான் திரும்பினாள்.

“மனுசன் பொறத்தால நின்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கேன். காது கேக்கலையா ஒனக்கு?”

உலகத்தில் எல்லாப் புருஷனும் கேட்கிற கேள்விதான். எனக்குத் தார்க்கட்டை கையிலிருந்து நழுவியது.

“வேலையா இருந்தேன்” என்றாள்.

“என்ன வேல? இன்னும் ஏறவே இல்ல, அதுக்குள்ள ஜப்பான்காரி ஆயிட்டியோ? மூணு வருசம் பிள்ளைய விட்டுட்டு இருக்கப் போறவ, போயிட்டு வந்து இந்த வாசப்படி ஏறிறலாம்னு நெனக்காத.”

அவள் கிழிந்த அட்டையைப் பொறுக்கி, நெடுக்கு ஓடுகிற பாவில் நூல் ஒட்டுகிற பசையைத் தொட்டு, திரும்பத் தறியிலேயே ஒட்டினாள். அவன் நாலு தறியையும் ஓடவிட்டபடியே வெளியே வந்து நேராக என் வாசலில் உட்கார்ந்தான்.

“இசக்கியக்கா, நீங்க சொல்லுங்க. நான் குடிக்கனா? அடிக்கனா? கட்டுன நாள்ல இருந்து இவ இப்பிடித்தான். தறி ஓடாத ராத்திரியிலயும் பொறத்தால நின்னு கூப்புட்டா ஒரு நாளாவது என்னான்னு கேட்டுருக்காளா? பத்து வருசம். என்னையக் கண்டா அவ்வளவு எளக்காரம்.”

சண்டைக்கு வந்த முகம் இல்லை அது. பத்து வருஷமாக ஒருத்தி தன்னை மதிக்கவில்லை என்று நம்பிக்கொண்டு கூடவே குடித்தனம் நடத்தினவன் முகம். என் நாக்கு நுனியில் ஏழு விசிலும் வந்து நின்றன. நான் என்ன பாவம் செய்தேனோ, ஊரில் இருக்கிற எல்லா வாயையும் விட்டுவிட்டு என் வாய்க்குத்தான் பூட்டு.

“ஏ சங்கரு, பொறத்தால நின்னு கூப்பிடாதய்யா. முன்னால போயி நின்னு சொல்லிப் பாரேன்” என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

“முன்னால போயி நின்னு? கும்புட்டும் சொல்லட்டுமா?” என்று எழுந்து வேட்டியைத் தட்டினான். “பொம்பளைக்குப் பொம்பள பரிஞ்சு பேசுவிய. ஒங்ககிட்ட வந்து சொன்னேன் பாருங்க.”

புதன்கிழமை வந்தது. பரீட்சைக்குக் கோகிலா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். தறியை நிறுத்தச் சொல்லி அவனிடம் கேட்கவே இல்லை. “பாவு முடியப் போவுது, நிறுத்த மாட்டாவ” என்றாள். என் வீட்டு உள்ளறையில் ஸ்டூல் மேல் அரிசி டப்பாவில் போனைச் சாய்த்துவைத்தோம். அனுவின் சின்ன வெள்ளைப் பலகை, மை பேனா. கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை. கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நான். போனில் நான் தெரியக்கூடாதாம். எனக்கு எல்லாம் தெரிந்தது.

சரியாகப் பதினோரு மணிக்கு எதிர்வீட்டில் நாலு தறியும் நின்றன. ஒன்று, ரெண்டு, மூணு, நாலு என்று விட்டுவிட்டு. கரண்ட் போனால் எல்லாம் ஒன்றாக நிற்கும். இது கையால் நிறுத்தினது. கோகிலாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனில் விஜிதா டீச்சர் வந்துவிட்டாள்.

“வணக்கம் கோகிலா, ரெடியா? ஒரு சின்ன மாற்றம். இன்னைக்கு நான் டிக்டேஷன் குடுக்கல. ஆலையில இருந்து சாரே நேரா குடுக்கேன்னு சொல்லிட்டார். பயப்படாதீங்க, நான் கூடவே இருப்பேன்.”

திரை ரெண்டாகப் பிரிந்தது. இன்னொரு கட்டத்தில் ஒரு பெரியவர். அறுபது வயது இருக்கும். சாம்பல் நிறச் சட்டை. தலை குனிந்து வணக்கம் சொன்னார்.

மூக்கிலிருந்து தாடை வரைக்கும் வெள்ளை மாஸ்க்.

நூல் தூசிக்குப் போடுகிற மாஸ்க். அந்த ஊர் ஆலையிலும் தூசிதான் போல. நான் கோகிலாவைப் பார்த்தேன்.

பெரியவர் முதல் வார்த்தையைச் சொன்னார். எனக்கே சத்தம் நன்றாகக் கேட்டது, மூணு எழுத்து இருக்கும். மாஸ்க் கொஞ்சம் உப்பி அடங்கியது. கோகிலா அந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர், “எழுதுங்க கோகிலா” என்றாள். எழுதவில்லை. ரெண்டாவது வார்த்தை. எதையோ எழுதித் தூக்கிக் காட்டினாள். டீச்சர் முகம் சுருங்கியது. தப்பு.

“கோகிலா, என்னாச்சு? இதெல்லாம் நூறு தடவ எழுதுனது. டென்ஷன் ஆகாதீங்க.”

மூணாவது வார்த்தை வந்தது. ரெண்டு போயாயிற்று. இன்னும் ரெண்டு போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வாசல் பக்கம் நிழல் அசைந்தது. கோமதிசங்கர். தறியை நிறுத்திவிட்டு வந்து என் நடையில் நிற்கிறான். கூப்பிட வந்தானா, பார்க்க வந்தானா தெரியாது. உள்ளறை வாசலில் அவள் முதுகைப் பார்த்தபடி நின்றான். அவளுக்குத் தெரியாது.

கோகிலா பலகையைத் துடைத்தாள். மெதுவாக, மூலை முடுக்கு விடாமல். பிறகு எழுதினாள். யோசிக்கவே இல்லை, கை தானாக ஓடியது. அந்த வரியை நான் பார்த்திருக்கிறேன். கடைசிப் பக்கத்து வரி. படிக்கத் தெரியாத எனக்கே அந்தச் சுழியும் முள்ளும் அடையாளம் தெரிந்தது. பலகையை ரெண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

விஜிதா டீச்சர் வாசித்தாள். முதலில் அந்தப் பாஷையில், பிறகு தனக்குத் தானே சொல்கிற மாதிரித் தமிழில்.

“தயவுசெய்து வாயைக் காட்டுங்கள்.” பலகையிலிருந்து கண்ணை எடுத்துக் கோகிலாவைப் பார்த்தாள். “கோகிலா, உங்களுக்குக் காது கேக்காதா? இத்தன மாசமா என் வாயைப் பாத்தா எழுதுனீங்க?”

இதை அவள் வாயைப் பார்த்துக் கோகிலா புரிந்துகொண்டாள். “தறி ஓட்டுன காது டீச்சர்” என்றாள். “கொரல் கேக்கும். எழுத்து கேக்காது.”

நான் வாசலைப் பார்த்தேன். கோமதிசங்கர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது.

“கோகிலா.”

சாதாரணமாகத்தான் கூப்பிட்டான். எதிர்வீட்டுத் தறி ஓடவில்லை, மற்ற வீட்டுச் சத்தம் உள்ளறைக்கு அவ்வளவாக எட்டாது. ஆறடித் தூரம். அவள் திரும்பவில்லை. அவன் இன்னொரு தடவை கூப்பிட்டான், கொஞ்சம் பலமாக, ஏதோ சோதித்துப் பார்க்கிறவன் மாதிரி. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்றா, ஆமாம் என்றா, எனக்கே தெரியாது.

போனில் டீச்சரும் பெரியவரும் பேசிக்கொண்டார்கள். பெரியவர் ஏதோ கேட்டார். டீச்சர் போனுக்குப் பக்கத்தில் வந்து, வாயைத் திறந்து கேட்டாள். “எத்தன வருஷமா தறின்னு சார் கேக்கார்.”

கோகிலா பலகையில் பதினேழு என்று இலக்கத்தில் எழுதிக் காட்டினாள்.

பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு பக்கக் காதிலிருந்து மாஸ்க்கைக் கழற்றினார். ஒட்டின கன்னம், மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. திரைக்கு நெருங்கி வந்தார். வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

“சார், ஆடியோ போயிட்டு” என்று டீச்சர் பதறித் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அந்தப் பாஷையில் சொன்னாள். பெரியவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். திரும்ப வாயை அகலத் திறந்து, உதட்டை இழுத்து, தாடையை இறக்கி, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமே இல்லாமல்.

அது எங்கள் தெருப் பேச்சு. நூறு தறி ஓடுகிற கொட்டகையில் நாற்பது வருஷம் நின்றவனுக்குத்தான் அந்த வாய் வரும். ஒருவன் வாயைத் திறக்கிற தினுசிலேயே அவன் தறிக்காரனா இல்லையா என்று நான் சொல்லிவிடுவேன். பாஷை தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் இந்த மனுசன் நம்ம ஆள்.

கோகிலா எழுத ஆரம்பித்தாள். அவர் வாய் மூடுவதற்குள் பலகை தூக்கினாள். மூணு, நாலு, அஞ்சு. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஆறாவதில் உதட்டில் ஒரே மாதிரி தெரிகிற ரெண்டு எழுத்தைக் குழப்பிவிட்டாள். அவர் கேட்டதும் இல்லை, திருத்தினதும் இல்லை. பத்தாவது முடிந்ததும் முதல் ரெண்டையும் திரும்பச் சொன்னார். ரெண்டும் சரி. பத்துக்கு ஒன்பது. பெரியவர் குனிந்து வணங்கினார். மாஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொண்டார். திரையில் அவர் கட்டம் போய்விட்டது.

விஜிதா டீச்சர் மட்டும் இருந்தாள்.

“மார்க் இருக்கு கோகிலா. ஆனா மெடிக்கல் இருக்கு. காது டெஸ்ட் எடுத்து அனுப்பணும், மறைச்சு அனுப்ப முடியாது. சார், நீங்கதான் வேணும்னு எழுதுவேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். அதுக்கு மேல என் கையில இல்ல. நல்லபடியா முடியும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“சரி டீச்சர்.”

போனை அணைத்துவிட்டு, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தாள். எழுந்து திரும்பினாள். நடையில் யாரும் இல்லை. அவன் போய்விட்டிருந்தான்.

“யாராவது வந்தாவளாக்கா?” என்று கேட்டாள். தரையில் வேட்டியிலிருந்து உதிர்ந்த பஞ்சு கிடந்தது.

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். “காத்து” என்றேன். என் வாழ்க்கையில் நான் ரகசியம் காத்தது இது இரண்டாவது தடவை.

அன்று சாயங்காலம் வரைக்கும் எதிர்வீட்டில் தறி ஓடவில்லை. வியாழக்கிழமை காலையில் ஓடியது. நான் ஏழு மணிக்கே தார் ராட்டையோடு உட்கார்ந்துவிட்டேன். கோகிலா தன் தறியில் நின்றாள். கிழிந்து ஒட்டின அட்டை அப்படியே இருந்தது. அவள் ரெண்டு காதிலும் பஞ்சு உருட்டி அடைத்திருந்தாள்; அதை யார் சொல்லிச் செய்தாள் என்று தெரியவில்லை.

பத்து மணி போல கோமதிசங்கர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். கையில் ஒரு சீட்டு. வழக்கமாக நிற்கிற இடம். வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். அப்புறம் நடந்தான். சுற்றிக்கொண்டு போக வேண்டுமென்றால் அந்த முன்பத்தியில் வழி கிடையாது. நாலு தறியையும் தாண்டி, பாவு உருளைக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, வேட்டியைக் கிரீஸ் ஆக்கிக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே தறிக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். அவள் நிமிர்ந்தாள்.

தலை அசைகிற தினுசில் அவன் பேசுகிறான் என்று தெரிந்தது. நீளமாகப் பேசினான். சீட்டைக் காட்டினான், தென்காசியில் காது டாக்டரிடம் டோக்கன் போட்ட சீட்டாக இருக்கலாம், அனுவின் பள்ளிக்கூடத்துச் சீட்டாகவும் இருக்கலாம். எதுவென்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவன் முதுகு என் பக்கம். கோகிலா முகம் அவன் தலைக்குப் பின்னால். பத்து வருஷமாக அந்த வீட்டில் ஒரு வார்த்தை விடாமல் பார்த்தவள் நான். இன்றைக்குப் பார்த்து ஒரு எழுத்து தெரியவில்லை.

ஸ்டூலைத் தூக்கி நாலடி தள்ளிப் போட்டேன். அதற்குள் பேசி முடித்துவிட்டார்கள்.